மூன்று தலைமுறையும் ஒரே வண்டியும்: ஐரோப்பாவில் குடும்பத்தோடு சாலைப் பயணம் போக ஒரு திட்டம்

ஐரோப்பிய வரைபடத்தை விரித்தால் எல்லாமே பக்கம் பக்கமாக இருப்பதுபோல் தெரியும். காலையில் ஜெர்மனி, மதியம் ஆஸ்திரியா, இரவு இத்தாலி என்று ஒரே நாளில் ஓட்டிவிடவும் முடியும். ஆனால் வண்டிக்குள் எழுபதைத் தாண்டிய அம்மாவும் ஐந்து வயதுப் பிள்ளையும் இருந்தால் கணக்கே வேறு. நாங்கள் எட்டுப் பேர் கிளம்பியபோது நான் முதலில் போட்ட திட்டத்தில் 12 இரவுக்கு 9 ஊர் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு "அப்போ தினமும் பெட்டி கட்டணுமா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே அதை அழித்துவிட்டு, ஓர் ஊருக்கு மூன்று இரவு, மொத்தம் நான்கே ஊர் என்று மாற்றினேன். யார் கேட்டாலும் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: யார் முதலில் களைத்துப்போவாரோ அவரை வைத்துத்தான் தூரத்தை முடிவு செய்ய வேண்டும். எங்களுக்கு அது ஒரு நாளைக்கு 250, மிஞ்சினால் 300 கிலோமீட்டர்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழி இது: ஜெர்மனியின் மியூனிக், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரி, இத்தாலியின் வெனிஸ், போல்சானோ, மறுபடி மியூனிக். நான்கு நாடு, ஒரு வட்டம். வட்டமாகப் போவதற்குக் காரணம் உண்டு, ஒரு நாட்டில் வாடகைக்கு எடுத்த வண்டியை இன்னொரு நாட்டில் விட்டால் தனிக் கட்டணம் பெரிதாக வரும். எந்தெந்த நாட்டுக்குள் வண்டி போகப்போகிறது என்பதை முன்பதிவின்போதே சொல்லி, அனுமதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தில் வந்து இறங்கும் நாளில் வண்டி எடுக்கவே வேண்டாம். அன்றிரவு மியூனிக்கில் தூங்கிவிட்டு மறுநாள் எடுங்கள்.

வண்டி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண கார் உரிமத்தில் ஓட்டுநரையும் சேர்த்து 9 பேர் வரைதான் போகலாம். 7 இருக்கை வண்டியின் கடைசி வரிசை சிறு பிள்ளைகளுக்கே சரி, அங்கே ஆள் உட்கார்ந்துவிட்டால் பெட்டி வைக்க இடமும் இருக்காது. எட்டுப் பேர் என்றால் நீளமான 9 இருக்கை வேன், இல்லையென்றால் இரண்டு கார். என் ஓட்டு இரண்டு காருக்குத்தான். பாட்டிக்கு அசதி வந்தால் ஒரு கார் விடுதிக்குத் திரும்பலாம், மற்றது ஊர் சுற்றலாம். வேனை நிலத்தடி நிறுத்துமிடங்களில் நுழைப்பதும் கஷ்டம், பல இடங்களில் உயர வரம்பு 2 மீட்டரை ஒட்டியே இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் அதை நீங்கள்தான் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும், கேட்காவிட்டால் கையால் மாற்றும் கியர் வண்டி கிடைக்க வாய்ப்பு அதிகம். குழந்தை இருக்கை விதி நாட்டுக்கு நாடு மாறும், ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம், ஆஸ்திரியாவில் 14 வயது அல்லது 135 செ.மீ., இத்தாலியில் 150 செ.மீ. குழம்ப வேண்டாம், 150 செ.மீ.க்குக் கீழே இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கை வாங்கிவிடுங்கள்.

சரி, விசா. ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) தேவைப்படுகிறவர்கள், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வழியில் வெனிஸும் போல்சானோவும் சேர்ந்து இத்தாலியில் ஆறு இரவு, ஆகவே மியூனிக்கில் இறங்கினாலும் விண்ணப்பம் இத்தாலிக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஆனால் பெரியவர்களுக்கு எடுக்கும்போது தொகையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஏற்கனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று வரி வரியாகப் படியுங்கள். மருந்துகளைக் கைப்பையில், மருந்தின் பொதுப் பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு வையுங்கள்.

அப்புறம் சாலைக் கட்டணம். ஜெர்மனியில் காருக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் கிடையாது. ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் குறிப்பிட்ட நாட்களுக்கான 'விக்னெட்' என்ற நெடுஞ்சாலை அனுமதியை வாங்க வேண்டும். ஸ்லோவேனியாவில் அது முழுக்க மின்னணு முறை, வண்டி எண்ணோடு இணைந்தது, வாடகை வண்டியின் எண் கையில் வந்த பிறகுதான் வாங்க முடியும். வேனாக இருந்தால் எந்த வகைக் கட்டணம் என்று வண்டி எடுக்கும்போதே கேளுங்கள், முன் சக்கர அச்சுக்கு மேலுள்ள வண்டியின் உயரத்தை வைத்து அங்கே வகை பிரிக்கிறார்கள். ஆஸ்திரியாவின் 10 நாள் விக்னெட் போகும்போது போதும். போல்சானோவிலிருந்து திரும்பி வரும்போது அது முடிந்திருக்கும், ஒரு நாள் விக்னெட் புதிதாக எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. இதற்கு மேல் இந்த வழியில் வரும் டாவர்ன் நெடுஞ்சாலை, கராவாங்கன் சுரங்கம், பிரென்னர் நெடுஞ்சாலை மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். இத்தாலியில் நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது சீட்டு எடுத்து, அதிலிருந்து வெளியேறும்போது கட்டுவது. மஞ்சள் நிற டெலிபாஸ் வழியில் மட்டும் போய்விடாதீர்கள், அது தானாகக் கட்டணம் கட்டும் கருவி வைத்திருப்பவர்களுக்கானது.

இத்தாலிய ஊர்களின் பழைய மையப்பகுதிகளில் 'இசட்.டி.எல்.' என்ற, அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாத தடை வளையம் இருக்கும். கேமரா எண்ணைப் படம் பிடிக்கும், அபராதம் பல மாதம் கழித்து வரும், அதோடு வாடகை நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேரும். எங்களுக்கும் ஒன்று வந்தது. விடுதி அந்த வளையத்துக்குள் இருக்கிறதா என்று பதியும் முன்பே கேட்டுவிடுங்கள். வெனிஸுக்குள் கார் போகவே முடியாது, ஆகவே எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டிராமில் போவது எளிது.

தங்குமிடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்றும் கேளுங்கள். பழைய கட்டிடங்களில் அரை மாடி ஏறிய பிறகுதான் லிஃப்டே தொடங்கும். குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டுவது முதியவர்களுக்கு ஆபத்து, நடந்தே நுழையும் ஷவர் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். சமையலறையோடு கூடிய வீடு எடுத்தால் ரொம்ப வசதி, ஏனென்றால் இத்தாலியில் பல உணவகங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்கு மேல்தான் திறக்கும், பிள்ளைகளும் பெரியவர்களும் அதுவரை தாங்க மாட்டார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கி வைத்துவிடுங்கள்.

சால்ஸ்பர்க்கிலிருந்து பிளெட் போகும் வழியில் கிராஸ்குளோக்னர் மலைச்சாலை ஆசை காட்டும். அழகுதான், ஆனால் 48 கிலோமீட்டரில் 36 கொண்டை ஊசி வளைவுகள், பின் இருக்கைப் பிள்ளைகளுக்கு வாந்தி நிச்சயம். சுரங்கங்கள் வழியாகவே போங்கள். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் ஊர் மாறாதீர்கள், பாதி ஐரோப்பாவும் அன்றைக்குத்தான் சாலையில் இருக்கும்.

எல்லாரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் சண்டை பாதியாகக் குறையும். பிளெட்டில் ஏரியைச் சுற்றி 6 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு நடக்கலாம். தீவுக் கோயிலுக்கு 99 படிகள், முடிந்தவர்கள் ஏறட்டும், மற்றவர்கள் கீழே தண்ணீரோரம் உட்காரட்டும். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி, முழங்கால் வலிக்காரர்களை 1ஆம் எண் படகில் ஏற்றிவிடுங்கள், பெருங்கால்வாய் முழுவதையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். போல்சானோவில் பிள்ளைகளுக்கு பனிக்குள் கெடாமல் கிடைத்த 5,300 ஆண்டு பழமையான மனித உடல் 'ஓட்ஸி', பெரியவர்களுக்கு ரிட்டன் கம்பிவட வண்டியும் மேலே ஓடும் குட்டி ரயிலும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதிச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள்: உங்கள் தொலைபேசி எண், தினசரி மருந்துகள், ஒவ்வாமை, அவசர எண் 112. ஊர் மாறும்போதெல்லாம் அதன் பின்பக்கத்தில் புது விடுதியின் முகவரியை எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை மூத்த பேத்தியுடையது, பாட்டியின் அட்டையைத்தான் அவள் முதலில் எழுதுவாள்.