மனச்சோர்வுக்கு ஒயர் கூடை: தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பெங்களூருக்கு வந்து, கன்னடமும் தெரியாமல், மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் அம்மாக்கள் சோர்ந்துபோனால், "ஒயர் கூடையாவது பின்னுங்களேன் அம்மா" என்று பிள்ளைகள் சொல்வது வழக்கம். அந்த யோசனை தவறன்று. மனம் தெளியட்டும் என்று காத்திராமல், சிறு வேலைகளை நேரம் குறித்துச் செய்யப் பழக்குவது மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்றாகவே இருக்கிறது. தவறெல்லாம் தொடங்கும் விதத்தில்தான்.

கைவேலையிடம் உடனே மகிழ்ச்சியை எதிர்பார்ப்பதே பெரும்பாலோர் செய்யும் பிழை. முன்பு பிடித்தவற்றில் நாட்டம் அற்றுப்போவது மனச்சோர்வின் முக்கிய அறிகுறி என்பதால், முதல் சில நாட்கள் கூடை பின்னுவதிலும் எந்தச் சுவையும் தெரியாமல் போகலாம். அதைக் கண்டு "இது எனக்கு ஒத்துவராது" என்று ஒதுக்கிவைப்பது, காய்ச்சலில் நாக்கு கசக்கும்போது ரசத்தைக் குறை சொல்வது போன்றது. பிடித்ததா என்று பார்க்காமல், இன்று இருபது நிமிடம் உட்கார்ந்தோமா என்று மட்டும் பார்ப்பது நல்லது.

அடுத்த பிழை, எடுத்த எடுப்பில் சிவன் கண், நெல்லிக்காய் போன்ற சிக்கலான முடிச்சுக் கூடைகளுக்கு ஆசைப்படுவது. கவனம் சிதறுவதும், சிறு முடிவுகூட எடுக்க முடியாமல் தடுமாறுவதும் இந்த நோயின் இயல்புகள். கூடையிலோ, ஒயரை எத்தனை முழத்தில் வெட்டுவது, அடிப்பாகத்துக்கு எத்தனை முடிச்சு என்று கணக்குப் போட வேண்டியதெல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அடிப்பாகம் முடிந்து பக்கச் சுவருக்கு மூலை திரும்பிவிட்டாலோ, பிறகு சுற்றிச் சுற்றி அதே முடிச்சுதான். ஆகவே பழகிய ஒருவரிடம் சாதா முடிச்சில் சிறிய கூடை ஒன்றின் அடிப்பாகத்தைப் போட்டு வாங்கிக்கொண்டு, பக்கச் சுவரிலிருந்து தொடங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. அல்சூர், ஸ்ரீராம்புரம் போன்று தமிழர் மிகுந்த பகுதிகளில் அத்தகைய கைகளைக் கண்டுபிடிப்பது கடினமாகவும் இருக்காது. அந்தச் சாக்கில் நாலு வார்த்தை தமிழில் பேசலாம் என்பதும், என் பார்வையில், கூடைக்குக் குறையாத பயன்தான்.

சிக்பேட்டைக்குப் போய்ப் பத்து நிறங்களில் ஒயர் கட்டுகளை வாங்கிக் குவிக்க வேண்டாம். பிரிக்காத கட்டுகள் அலமாரியிலிருந்து குற்றம் சாட்டிக்கொண்டே இருக்கும்.

தவறிய முடிச்சுக்காக முழு வரிசையையும் பிரிப்பவர்களும் உண்டு. பிரித்த ஒயரில் மடிப்புத் தடம் எளிதில் போவதில்லை. அதைவிட, தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் நோயின் பழக்கத்துக்கு அது தீனி போடுகிறது. கோணலான முடிச்சோடும் கூடை காய்கறி சுமக்கும். தூக்கம் வரவில்லை என்று நள்ளிரவில் விளக்கைப் போட்டுப் பின்னுவதும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், சன்னலருகே, குறித்த நேரத்தில் செய்வதே உறக்கத்தின் ஒழுங்குக்கு நல்லது.

மிகவும் ஆபத்தானது, கூடையை மருத்துவத்துக்கு மாற்றாகக் கருதுவது. சோர்வோ நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நேரம் நீடித்து, தூக்கம், பசி, அன்றாட வேலை ஆகியவற்றைக் கெடுத்தால், மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தைராய்டு குறைபாடும் இத்தகைய சோர்வைத் தரக்கூடும் என்பதால் அதையும் அவர் சோதிக்கலாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் "பின்னுகிறேனே, மாத்திரை எதற்கு" என்று தாமாக நிறுத்துவது தவறு. ஓசூர் சாலையில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கிறது. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலும் பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால், மறுநாள் வரை காத்திராமல் உடனே வீட்டாரிடம் சொல்லி உதவி பெற வேண்டும்.

குடும்பத்தார் செய்யும் பிழை ஒன்றும் உண்டு. முதல் கூடை முடிவதற்குள் அடுக்குமாடியின் வாட்ஸப் குழுவில் படம் போட்டு, "அம்மா ஆர்டர் எடுக்கிறார்" என்று அறிவித்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து அது கெடு தேதியுள்ள வேலையாகிவிடுகிறது. "எத்தனை கூடை முடிந்தது?" என்று மாலையில் வந்து கேட்பதற்குப் பதிலாக, பக்கத்தில் உட்கார்ந்து ஒயரின் மறுமுனையைச் சிறிது நேரம் பிடித்துக்கொள்ளலாம்.