கராத்தே வகுப்பில் காதில் விழும் ஜப்பானியச் சொற்கள்

36 வயதில் வெள்ளை பெல்ட் கட்டியவன் நான். புதியவன் என்பதால் கடைசி வரிசை. மாஸ்டர் 'மவாத்தே' என்று குரல் கொடுத்ததும் முன்னால் நின்ற பொடியன்கள் அத்தனை பேரும் சட்டென்று திரும்பி என் முகத்தையே பார்த்தார்கள். 'திரும்பு' என்று அர்த்தமாம்.

அன்று இரவே அறுபது சொற்களை நோட்டில் எழுதி உருப்போட்டேன். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் கட்டளைகள்: யோய் (தயார்), ஹஜிமே (தொடங்கு), யமே (நிறுத்து), ரெய் (வணங்கு). இவற்றிலும் யமேதான் முதலில் பழக வேண்டியது. ஜோடிப் பயிற்சியில் அது காதில் விழாவிட்டால், கையை இறக்கிவிட்டவர் மேல் குத்து விழும்.

அடுத்து எண்கள். இச்சி, நி, சான், ஷி, கோ, ரொக்கு, ஷிச்சி, ஹாச்சி, க்யூ, ஜூ. வேகமாக எண்ணும்போது இச், ரொக், ஹாச் என்றுதான் கேட்கும். நம் குற்றியலுகரம் தேய்வது போல அங்கே கடைசி உயிர் தேய்கிறது. நான்குக்கு 'யோன்', ஏழுக்கு 'நானா' என்றும் சொல்வார்கள். 'ஷி' என்றால் சாவு என்றும் பொருள்படும். 'ஹெயான்' என்ற பெயரில் ஐந்து கட்டாக்கள் (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புகள்) உண்டு, அவற்றில் நான்காவதன் பெயரும் யோண்டன்தான்.

மற்றச் சொற்களைப் பிரித்துப் படியுங்கள். மாயே முன், யோகோ பக்கம், உஷிரோ பின், மவாஷி சுற்று. கெரி என்றால் உதை. மாயேகெரி, யோகோகெரி என்று நீங்களே கோத்துக்கொள்ளலாம். கெரி என்ற சொல் தனியாக வரும்போது வல்லின 'க'. இன்னொரு சொல்லோடு சேர்ந்தால் 'பூங்கொடி'யில் வரும் 'க' போல மெலியும். புணர்ச்சி விதி படித்த நமக்கு இதில் என்ன அதிசயம்? தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து, நோட்டில் ஒரே வரி போதும். தாச்சி (நிலை) 'கிபாடாச்சி'யில் (குதிரைச் சவாரி நிலை) டாச்சி ஆவதும் இதே கதை, இங்கே எழுத்து மட்டும் மாறுகிறது.

உயரத்துக்கு மூன்று: ஜோடன் முகம், சூடன் மார்பு, கெடன் இடுப்புக்குக் கீழ். சூடன் என்றதும் எனக்குக் கற்பூரம் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது, அதனாலேயே மறக்கவில்லை. கறுப்பு பெல்ட்டின் 'டன்' எண்ணுகிறார்களே, அதுவும் இதே 'டன்'தான்: படி.

'உக்கே'யை எல்லோரும் தடுப்பு என்கிறார்கள். நேர்ப்பொருள் 'வாங்கிக்கொள்வது'. இது தெரிந்த பிறகுதான் வரும் கையை முட்டி நிறுத்தாமல் வாங்கித் திருப்பப் பழகினேன். முன்கை வீக்கமும் குறைந்தது.

சோத்தோ உக்கே, உச்சி உக்கே இரண்டிலும் மட்டும் எச்சரிக்கை. சோத்தோ வெளி, உச்சி உள். ஷோட்டோக்கான் என்ற கராத்தே பாணியில் வெளியிலிருந்து உள்ளே வரும் கை சோத்தோ உக்கே. வேறு சில பாணிகளில் அதே பெயர் உள்ளிருந்து வெளியே போகும் கைக்கு. பெயருக்குப் பக்கத்தில் உங்கள் மாஸ்டர் காட்டும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். என் நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க அடித்துத் திருத்திய அம்புகள்தான்.