விரல்கள் மரத்ததற்குக் காரணம் கையுறை அல்ல

குளிரில் பைக் ஓட்டினால் அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். கிளட்சை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே தெரியாது. தடித்த கையுறை வாங்கியும் பயனில்லை. உள்ளே இன்னொன்றைப் போட்டதும் நிலைமை மோசமானது: இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்தது, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் காற்றிடைவெளியும் போயிற்று.

கோளாறு இருந்த இடம் வேறு. நிற்கும்போது ஜாக்கெட் கச்சிதமாகத்தான் இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கையை நீட்டியதும் அதன் கைப்பகுதி மேலேறி, மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. கழுத்திலும் ஒரு திறப்பு. 5 டிகிரி குளிரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வெற்றுத் தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 3 டிகிரியாக உறைக்கும். உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால், கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தை உடல் சுருக்கிவிடும்.

ஜாக்கெட்டின் கைக்கு மேலேறி மூடும் நீளக் கையுறை, கழுத்துறை, வியர்வையில் ஊறும் பருத்தி பனியனுக்குப் பதில் மெல்லிய கம்பளி உள்ளாடை: இவற்றோடு மரத்துப்போவது நின்றது. பெரிய நிம்மதி. கையுறையை ஒரு அளவு தளர்வாகவே எடுத்தேன். ஜாக்கெட் வாங்குபவர்கள் வண்டியில் உட்கார்ந்து, கையை நீட்டி, மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.