பத்துக்குப் பத்து அறையில் ஸ்டுடியோ: ஒலி, ஒளிப்பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, தண்டையார்பேட்டை எனப் பல பகுதிகளில் இன்று மாடி அறைகளே ஸ்டுடியோக்களாக இயங்குகின்றன. கானாப் பாடல், நேர்காணல், குறும்படத்துக்கான டப்பிங் எல்லாம் அதே அறையில்தான் நடக்கின்றன. அங்கிருந்து வெளிவரும் பாடல்களில் குரலிலும் சொல்லிலும் தாளத்திலும் எந்தக் குறையும் இல்லாதிருக்க, பதிவு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. இதற்கு மைக்கின் விலையைக் காரணமாக நினைத்து, இருக்கும் பணத்தையெல்லாம் இன்னும் விலையுயர்ந்த மைக்கில் போடுவதுதான் முதல் தவறு. நல்ல மைக் அறையின் குறையை இன்னும் தெளிவாகப் பதிவு செய்யுமே தவிர, அதை மறைக்காது.

நம் வீடுகளில் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி. உயரமும் ஏறக்குறைய பத்தடி. மூன்று அளவுகளும் ஒன்றாக அமைவது ஒலிப்பதிவுக்கு மிகவும் பாதகமானது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஓர் ஒலியலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்தினால், அந்த ஒலி உடனே அடங்காமல் நின்று அதிரும். பத்தடி அறையில் இது சுமார் 57 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 114, 171 ஹெர்ட்ஸிலும் நிகழ்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாக இருக்கும்போது மூன்று திசைகளின் அதிர்வும் இதே இடங்களில் குவிந்துவிடுகின்றன. ஆண் குரலின் அடிநாதமும் டோலக்கின் கனத்த பக்கத்து ஓசையும் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன என்பதால், சில சுரங்கள் மட்டும் காரணமின்றி வீங்கி ஒலிக்கும். சுவரை ஒட்டி நின்றால் இந்த வீக்கம் கூடும். அறையின் நட்டநடுவில் நின்றால் சில அடிநாதங்கள் மறைந்தே போகும். எனவே இரண்டுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் பாடகரை நிறுத்தி, ஓரடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டுப் பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

சுவர் முழுவதும் ஓரங்குல ஃபோம் ஒட்டிவிட்டு, ‘சவுண்ட் புரூஃப் செய்துவிட்டோம்’ என்று நம்புவது அடுத்த தவறு. ஃபோம் எதிரொலியைக் குறைக்கும்; வெளிச்சத்தத்தைத் தடுக்காது. மெல்லிய ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு, மேலே சொன்ன அடிநாத அதிர்வுகளை அப்படியே விட்டுவிடுவதால், குரலின் பளிச்சென்ற தன்மை போய் மந்தமே மிஞ்சுகிறது. முட்டை அட்டையின் பயன் இதைவிடவும் குறைவு. மூலைகளில் நான்கு அங்குலத்துக்குக் குறையாத தடிமனில் ராக்வுல் (பாறையை உருக்கி நூலாக்கிய பஞ்சு) பலகைகளை நிறுத்துவது பலன் தரும். அதற்கு வசதியில்லையென்றால், பரணில் சுருட்டி வைத்திருக்கும் பஞ்சு மெத்தைகளை இறக்கி மூலைகளில் நிறுத்தலாம். கார்டியாய்டு வகை மைக் தன் முன்பக்கத்திலிருந்து வருவதையே அதிகம் வாங்கும் என்பதால், மைக்கின் பின்னாலுள்ள சுவரைவிடப் பாடகரின் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரை மூடுவதே முதல் தேவை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வெளிச்சத்தத்தைத் தடுப்பதற்கு எடையும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். கதவின் அடியிலுள்ள அரை அங்குல இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைப்பது, சுவர் நிறைய ஃபோம் ஒட்டுவதைவிட அதிகம் உதவும். ஆனால் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் உறுமலும், பேசின் பிரிட்ஜைச் சுற்றியுள்ள தண்டவாளங்களின் அதிர்வும் தரை வழியாகவே ஏறி வருகின்றன. அவற்றை எந்தக் கதவும் நிறுத்தாது. மைக்கை, அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் ஷாக் மவுண்டில் தொங்கவிட்டு, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குரல் தடத்தில் வெட்டிவிட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், மின்சார ரயில் ஓடாத நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை. மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறியை ஓடவிட்டுப் பதிவு செய்துவிட்டு, அந்த இரைச்சலைப் பிறகு மென்பொருளால் நீக்கிக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. இரைச்சலோடு சேர்ந்து குரலின் உயிரும் போய்விடும். அறையை ஏ.சி. போட்டு முன்கூட்டியே குளிரவைத்து, அதை நிறுத்திவிட்டுச் சிறு சிறு டேக்குகளாகப் பாடவைப்பதே நல்லது.

இனிப் பாடகரும் மைக்கும். கச்சேரி மேடையில் பழகியவர்கள் மைக்கின் தலைப்பகுதியைக் கையால் பொத்திப் பிடித்து உதட்டில் ஒட்டிப் பாடுவார்கள். அப்படிப் பொத்தும்போது மைக்கின் பின்துளைகள் அடைபட்டு, ஒரு திசையை மட்டும் கேட்கும் அதன் தன்மையே கெட்டுவிடுகிறது. ஸ்டுடியோவில் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் வைத்து, நடுவில் வாய்க்காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டரை நிறுத்தி, மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் ‘ப’ வரும் இடங்களில் காற்று வெடிக்காது. மிக நெருங்கினால் அடிநாதம் தானாகவே கூடிவிடும். மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயின் அளவை முதல் வரியைக் கேட்டு வைப்பதும் பரவலான பிழை. கானாவில் தொடக்கம் பேச்சைப் போல அடங்கியிருக்கும். உச்சத்தில் குரல் பல மடங்கு உயரும். அந்த உச்ச வரியைப் பாடச்சொல்லி, அளவுமானி, உச்ச எல்லையான 0-க்குக் கீழே -12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு வைக்க வேண்டும். 24 பிட் பதிவில் அளவு குறைந்தால் பின்னர் கூட்டிக்கொள்ளலாம்; உச்சியில் முறிந்த ஒலியை மீட்பது அரிது.

குரலையும் டோலக்கையும் தனித்தனி நாளில் பதிவு செய்வது வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கானாவில் பாடுபவர் இழுக்கும் இழுப்புக்குத் தாளக்காரர் காத்திருப்பதும், தாளம் தட்டிக்கொடுக்கும் இடத்தில் குரல் தாவுவதும்தான் பாட்டு. இருவரையும் பிரித்துவிட்டால் அது நடப்பதில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி அமர்த்தி, இருவருக்கும் டைனமிக் மைக் (மேடைகளில் பயன்படும் உறுதியான வகை) கொடுத்து, ஒவ்வொரு மைக்கின் பின்பக்கமும் மற்றவரை நோக்கி இருக்குமாறு வைப்பதே என் பரிந்துரை. ஒரு மைக் தன் ஒலிமூலத்திலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தால், இரண்டு மைக்குகளுக்கும் இடையே குறைந்தது மூன்று சாண் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டிலும் சற்றே முன்பின்னாக விழுந்து, கலக்கும்போது மெலிந்துபோகும். பறையைப் பதிவு செய்வதானால் மைக்கை ஒரு முழத்துக்கு மேல் தள்ளி வையுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். ஆகவே பறையைத் தீயில் காய்ச்சியவுடன் பதிவைத் தொடங்கும்படி மற்ற வேலைகளையெல்லாம் முன்பே முடித்திருக்க வேண்டும்.

அதே ஈரம், நுண்ணிய ஒலியையும் வாங்கும் கண்டன்சர் மைக்கையும் கெடுக்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் அதை வைக்க வேண்டும்.

பதிவில் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் கேட்டால், மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. ரீங்காரம் நின்றாலும் அதைச் செய்யவே கூடாது. உலோக ஸ்டாண்டையும் மைக்கையும் பிடித்துப் பாடுபவரின் உயிருக்கே அது ஆபத்து. எல்லாக் கருவிகளையும் எர்த் சரியாக உள்ள ஒரே இணைப்புப் பலகையிலிருந்து இயக்குங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். அப்போதும் ரீங்காரம் இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்க வேண்டும்.

படப்பதிவில் முதலில் பார்க்க வேண்டியது விளக்கின் சிமிட்டல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் வேகம் நொடியில் 50இல் ஒரு பங்காகவோ 100இல் ஒரு பங்காகவோ இல்லாவிட்டால் படத்தில் பட்டைகள் ஓடும்; நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் இது எளிதாகப் பொருந்தும். செல்போனின் இயல்பான கேமரா செயலி ஃப்ரேம் வேகத்தை நடுவே மாற்றிக்கொண்டே இருப்பதால், பாடல் முடியும்போது உதடும் குரலும் விலகியிருக்கும். வேகத்தைப் பூட்டிவைக்கும் செயலியைப் பயன்படுத்தி, ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, பிறகு அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தினால் இந்தத் தொல்லை பெரிதும் நீங்கும்.

தானியங்கி வெளிச்ச அளவை நம்புவது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் தவறு. வெள்ளைச் சுவருக்கு முன் நிற்கும் கறுத்த முகத்தைக் கேமரா இருட்டாக்கிவிடும். அதைச் சரிசெய்கிறேன் என்று அழகூட்டும் ஃபில்டரைப் போட்டால் முகம் வெளுத்து, வேறொருவர் முகமாகிவிடும். அளவை முகத்தின்மேல் வைத்துப் பூட்டுங்கள். தலைக்கு மேலுள்ள டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரே விளக்கைப் பக்கவாட்டிலிருந்து வெள்ளைத் தெர்மாகோலில் அடித்துத் திருப்பினால், கறுப்பின் ஆழமும் மினுக்கமும் உள்ளபடியே பதிவாகும். பாடுபவரைச் சுவரிலிருந்து நான்கடி தள்ளி நிறுத்தினால் பின்னால் நிழல் விழாது.

நேர்காணலில் காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். புடவை மடிப்பின் உரசலும் சங்கிலியின் இடிப்பும் பேச்சைவிட உரக்க விழும். பதிவுக்கு முன்பே ஹெட்போனில் கேட்டுச் சரிசெய்துவிட வேண்டும்.

இறுதிக் கலவையில், டோலக்கின் அடியைக் கூட்டிக்கொண்டே போவதைத் தவிர்க்க வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது பெரும்பாலும் கேட்பதேயில்லை. தோலில் விரல் படும் ஓசை தெளிவாக இருந்தால்தான் அங்கே தாளம் தெரியும். ஒலியை நசுக்கி உரக்க ஆக்குவதாலும் பயனில்லை. சுமார் -14 எல்.யூ.எஃப்.எஸ். (பாடலின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) அளவைத் தாண்டிய ஒலியை யூடியூப் தானே குறைத்துவிடுவதால், நசுங்கிய பாடல் மற்றவற்றைவிட உரக்க ஒலிக்காது. அதன் ஏற்ற இறக்கம் மட்டும் போய்விடும். உச்சம் -1 டெசிபலுக்குள் நிற்கும்படி வைத்து, அதே பாடலை ஹெட்போன், செல்போன், ஆட்டோவில் உள்ள ஸ்பீக்கர் ஆகிய மூன்றிலும் கேட்ட பிறகு பதிவேற்றுங்கள்.