நைட் டியூட்டியும் நானும்

கொங்குப் பக்கம் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை. சாணிப்பவுடர் (சாணிக்குப் பதில் வாசல் தெளிக்கும் மஞ்சள் சாயப்பொடி, விஷம்) குடித்து வந்த பெண்ணுக்கு மூக்கு வழியே குழாய் போட்டுக்கொண்டிருந்தேன். கோட்டு முழுக்க மஞ்சள். வெளியே அவள் அம்மா அழுதது எனக்கு எரிச்சலாக மட்டும் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. களைப்பு, வேலைமேல் வெறுப்பு, நம்மால் ஆகாது என்ற நினைப்பு: 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டுக்கு, அதாவது தீராத வேலை அழுத்தத்தால் ஆள் ஓய்ந்துபோகும் நிலைக்கு, சொன்ன மூன்றும் என்னிடம் இருந்தன.

யோகா போகச் சொன்னார்கள். தூங்கவே நேரமில்லாதவனுக்கு யோகாவா!

நாங்கள் மாற்றியது டியூட்டி அட்டவணையை. முன்பு நைட், மாலை, காலை என்று பின்னோக்கிப் போகும். இப்போது காலை, மாலை, நைட், அப்புறம் ஓய்வு. தூக்கத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்கு எளிது, முன்கூட்டிக் கொண்டுவருவதுதான் கஷ்டம். பின்னிரவில் டீ கிடையாது. ஒருவர் வார்டைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் 20 நிமிடம் கண்ணசருவோம். விடிந்து வீடு திரும்பும்போது கூலிங் கிளாஸ். தெருவில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். வெயில் கண்ணில் படாததால் படுத்ததும் தூக்கம் வருகிறது. ஒரு மரணம் நடந்தால், அடுத்த நோயாளிக்குப் போகுமுன் நர்ஸோடு கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறோம்.

கூட்டம் குறையவில்லை, ஆள் பற்றாக்குறையும் அப்படியேதான். அதற்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.