சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருப்பூரில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு புகைப்பழக்கத்தை நிறுத்த மெல்லும் நிக்கோட்டின் கம் கேட்டு வரும் முகங்கள் பழகிப்போகும். முன்பெல்லாம் வந்தவர்கள் சிகரெட் பிடிப்பவர்கள். இப்போது, சிகரெட்டைத் தொட்டே வெகுகாலம் ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். இங்கிலாந்தில் படிக்கிற பையன், துபாயில் கணக்கு எழுதுகிறவர், ஆடை வாங்கும் பையர்களைப் பார்க்க ஐரோப்பா போய்வரும் மெர்ச்சண்டைசர். அங்கே வேப்புக்கு, அதாவது நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட்டுக்கு, மாறியிருப்பார்கள். இப்போது வேப்பை விட முடியவில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் நானும் இதே வழியில் போய்த் திரும்பியவன்தான். அவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்பது எனக்கு முன்பே தெரிந்துவிடும். எரிச்சலும் அதனால்தான் வருகிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடைசெய்தது. 2019-ல் வந்த மத்தியச் சட்டம் நாடு முழுவதும் அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் தடுத்தது. விற்று முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இங்கே எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்க வேண்டாம். பிரிட்டனில் நிலைமை வேறு. புகைப்பவர்களை வேப்புக்கு மாறும்படி அங்கே அரசு மருத்துவத் துறையே சொல்கிறது. எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான் பெருங்கேடு, வேப்பில் எரிதல் கிடையாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் தவறில்லை. தீங்கு குறைந்தால் பழக்கமும் குறைந்துவிட்டது என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்வதுதான் தவறு.

சார்ஜர், கசிவு, சுருள் கருகும் நாற்றம் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவை வாங்கிய வாரத்திலேயே தானாகத் தெரிந்துவிடும்.

முடிவில்லாமல் இழுப்பது

கம் கேட்டு வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை?" என்பது. சிகரெட் பிடிப்பவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். எட்டு, பத்து, ஒரு பாக்கெட். பொய் சொன்னாலும் ஓர் எண்ணைத்தான் சொல்வார். வேப் இழுப்பவர் விழிப்பார். "அப்படிக் கணக்கெல்லாம் இல்லைங்க அண்ணா, அப்பப்போ" என்பார். அந்த "அப்பப்போ"வில்தான் எல்லாம் போகிறது.

சிகரெட்டுக்கு முடிவு உண்டு. ஐந்து நிமிடத்தில் கரைந்து விரலைச் சுடும். இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொன்றைப் பற்றவைக்க வேண்டும், அதற்குக் காசு கொடுக்க வேண்டும், கம்பெனியை விட்டு வெளியே பேக்கரிக்கு நடக்க வேண்டும், திரும்பி வந்தால் சட்டையில் நாற்றம், வீட்டில் அம்மணி முகம் திருப்புவாள். இவை ஒவ்வொன்றும் ஒரு தடை. புகைப்பவர் தன் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி இந்தத் தடைகளின் வேலை. வேப் அத்தனையையும் ஒரே நாளில் நீக்கிவிடுகிறது. நாற்றம் இல்லை, சாம்பல் இல்லை, எழுந்து போக வேண்டியதில்லை. கழிப்பறையில் ஓர் இழுப்பு, சிக்னலில் ஓர் இழுப்பு, மின்னஞ்சல் திறப்பதற்குள் ஓர் இழுப்பு.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் இதன் விலை புரியும். இழுத்த நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அது பாதியாகும். சிகரெட் பிடிப்பவருக்கு அளவு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இரவில் ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து இறங்கும். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்காலில் முறைத்தண்ணீர் பாய்வது போலத்தான்: மடை திறந்தால் வயல் நிறையும், அடுத்த முறை வரும்வரை காயும். வேப்போ சொட்டுநீர். மண் காய்வதே இல்லை. காயாத மண்ணுக்குக் காய்வதைத் தாங்கவும் தெரியாது. முன்பு இரண்டு மணி நேரக் கூட்டத்தில் சிகரெட் இல்லாமல் சாதாரணமாக உட்கார்ந்திருந்தவர், வேப்புக்கு மாறி ஆறு மாதத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப்பையைத் தடவுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு தடையும் இருந்தது. அது தொண்டை. சிகரெட் புகை கமறும், ஒரு கட்டத்தில் தொண்டையே போதும் என்று சொல்லிவிடும். பழைய வகை வேப் திரவத்திலும் நிக்கோட்டின் கூடினால் தொண்டை எரியும். அதனால் யாரும் அளவு மீற முடியாது. இப்போது வருவது பெரும்பாலும் நிக்கோட்டின் உப்பு. பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்துக் காரத்தைத் தணித்துவிடுகிறார்கள். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் இருந்தாலும் மாம்பழச் சாறு மாதிரி இறங்கும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வேறு இடங்களில் 50 எழுதிய புட்டியை வாங்கிவிட்டு, "மென்மையாக இருக்கிறது, லேசானதுதான்" என்று சொல்கிறவரை என்ன செய்வது?

பல்லடத்துப் பக்கத்துப் பையன் ஒருவன், மேல்படிப்புக்குப் போனவன், விடுமுறையில் கடைக்கு வந்தான். தலைவலி, நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை. இரத்த அழுத்த மாத்திரை வேண்டுமா என்று கேட்டான். வேப்பை எங்கே வைத்துக்கொண்டு தூங்குவாய் என்று கேட்டேன். தலையணைக்கு அடியில். நடுராத்திரி விழிப்பு வந்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் புரண்டு படுப்பானாம். சிகரெட் பிடித்த காலத்தில் நடுராத்திரி எழுந்து பற்றவைத்தது உண்டா என்றேன். "ஐயோ, அவ்வளவு மோசமாகவெல்லாம் நான் இருந்ததில்லைங்க" என்றான். தன் வாயாலேயே சொல்லிவிட்டான், ஆனால் அது அவன் காதில் விழவில்லை.

இது ஓரிருவர் கதை அல்ல. பிரிட்டனில் 886 பேரைக் கொண்டு நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் வேப் பிரிவில் 18 சதவீதம், கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் போன்றவற்றைப் பயன்படுத்திய பிரிவில் 9.9 சதவீதம். வேப்பின் ஆதரவாளர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வில் அடுத்த வரி இருக்கிறது: அப்படிச் சிகரெட்டை விட்டவர்களில் வேப் பிரிவினர் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிரிவில் கம்மையோ பேட்ச்சையோ தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். சிகரெட்டிலிருந்து இறங்க வேப் உதவுகிறது, வேப்பிலிருந்து இறங்குவதற்குத் தனி வழி வேண்டும். முதல் நாளே அந்த வழியை வகுக்காதவர் பிறகு வகுப்பதில்லை.

ஏற்கெனவே மாறிவிட்டவர் செய்ய வேண்டியது, இல்லாமல் போன முடிவைத் தானே உண்டாக்குவது. கருவி படுக்கையறைக்குள் வரக் கூடாது. எழுந்த முதல் ஒரு மணி நேரம் தொடக் கூடாது, முடியாதென்றால் அரை மணியில் தொடங்கி நீட்டுங்கள். உட்கார்ந்த இடத்தில் இழுக்காமல், சிகரெட்டுக்குப் போனது போலவே எழுந்து வெளியே போய், ஐந்து நிமிடம் முடிந்ததும் பையில் போட்டுவிட்டு வாருங்கள். புட்டி திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். 20 மில்லிகிராம் திரவம் 2 மில்லிலிட்டர் என்றால் உள்ளே 40 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேர்வது ஒன்று, ஒன்றரை மில்லிகிராம்தான். திரவத்தில் இருப்பதெல்லாம் உடலில் சேராது என்றாலும், அந்த 2 மில்லிலிட்டர் மூன்று நாள் வந்ததா, ஒரே நாளில் காலியா என்பது உங்களைப் பற்றிப் பொய் சொல்லாத கணக்கு.

இடைவெளியை நீட்டுவதற்கு முன்பே வீரியத்தைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பலனில்லை. உடல் தனக்கு வேண்டிய அளவைத் தெரிந்து வைத்திருக்கிறது. திரவம் நீர்த்தால் இழுப்பு நீளும், அடிக்கடியும் ஆகும், அதோடு ஆவியும் மற்றச் சேர்மானங்களும் கூடுதலாக உள்ளே போகும். முதலில் இடைவெளி, அது பழகிய பிறகு வீரியம்.

டீயோடு மட்டும் ஒன்று

நம் ஊரில் சிகரெட்டின் இருப்பிடம் பேக்கரி. பதினொரு மணிக்கு ஒரு டீ, ஒரு முட்டை பப்ஸ், ஒரு சிகரெட். ஊர் திரும்பிய பின் மற்ற நேரமெல்லாம் வேப், பேக்கரியில் மட்டும் சிகரெட் என்று வைத்துக்கொண்டு, பத்து இரண்டாகிவிட்டது, ஆபத்தும் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இதயத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. வேப்பின் செலவையும் சிகரெட்டின் கேட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வதற்கு மாறாமலேயே இருந்திருக்கலாம். குறைந்தபட்சம் தான் புகைக்கிறவன் என்றாவது நினைவிருந்திருக்கும். டீ குடிக்க வேறு கடைக்குப் போங்கள். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் கை பழகிய இடத்தில்தான் நீளும்.

டீ, காபியைப் பழைய அளவிலேயே குடிப்பது

இதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. சிகரெட் புகையில் உள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. டீ, காபியில் உள்ள கஃபீனை உடைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். எனவே புகைப்பவர் உடலில் கஃபீன் வேகமாகத் தீரும். புகை நின்றால் தூண்டுதலும் நிற்கும், அதே நான்கு டீ இரத்தத்தில் இரண்டு மடங்கு கஃபீனாகத் தங்கும். இதைச் செய்வது புகை, நிக்கோட்டின் அல்ல. ஆகவே முழுதாக வேப்புக்கு மாறினாலும் இதே கதைதான். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வந்ததும் நிக்கோட்டின் போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக இழுப்பார்கள். டீயைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

அதே நொதி சில மருந்துகளையும் உடைக்கிறது. மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள் பஞ்சாலை, விசைத்தறிப் பக்கத்தில் உண்டு. மனநலத்துக்கு ஓலான்சபின், குளோசபின் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் சிகரெட்டை நிறுத்தினால் மருந்தின் அளவு உடலில் ஏறிவிடும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

கள்ளத்தனமாக வரும் புட்டி

லேபிளில் இருப்பது உள்ளே இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

குழந்தை எட்டும் இடத்தில் திரவம்

நஞ்சு. பூட்டி வையுங்கள்.

சிகரெட்டே பிடிக்காதவர் "சும்மா" தொடங்குவது

வேண்டாம்.

திட்டமில்லாமல் ஊருக்கு வருவது

சட்டத்துக்குப் பயந்து கருவியை அங்கேயே வைத்துவிட்டு வருவது சரி. ஆனால் கோவை விமான நிலையத்தில் இறங்கும்போதே கடைசி இழுப்பு இழுத்துப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நேராகப் போவது மாரியம்மன் கோயில் பூச்சாட்டுக்கோ மச்சான் கல்யாணத்துக்கோ. பங்காளிகள் வட்டமாக நிற்கிறார்கள், பாக்கெட் நீள்கிறது. வருடக்கணக்காகச் சிகரெட் தொடாதவர் அங்கே விழுந்துவிடுகிறார். பட்டினி போட்டுக் கூட்டிவந்த உடலை விருந்தில் நிறுத்தினால் வேறென்ன நடக்கும்? கிளம்புவதற்கு முன்பே பேட்ச் ஒட்டிக்கொண்டு, பையில் கம்மோடு வர வேண்டும்.

இங்கேதான் அந்த எண்ணிக்கைச் சிக்கல் மறுபடி வரும். எந்த வீரியம் என்று தேர்வு செய்ய மருந்துப் பெட்டி கேட்பது, நாளைக்கு எத்தனை சிகரெட் என்று. வேப் இழுப்பவரிடம் அதற்குப் பதில் இல்லை. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு என்று நான் கேட்கிறேன். அரை மணி நேரத்துக்குள் என்றால் 2 மில்லிகிராம் கம் பெரும்பாலும் போதாது, 4 தேவைப்படும். அதற்கும், 21, 14, 7 மில்லிகிராம் பேட்ச்களில் எதில் தொடங்குவது என்பதற்கும் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் இதயநோய் உள்ளவர்களும் அவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

கம்மை பபிள்கம் மாதிரி மென்று விழுங்கிவிட்டு, விக்கல் வருகிறது, வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு: காரம் தெரியும்வரை மெதுவாக மெல்லுங்கள், தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், காரம் அடங்கினால் மறுபடி. ஒரு கம் அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்பிருந்து டீ, காபி, எலுமிச்சைச் சாறு கிடையாது, வாயில் அமிலம் இருந்தால் நிக்கோட்டின் உட்போகாது. பேட்ச்சைக் காய்ந்த, முடியில்லாத தோலில் தினமும் இடம் மாற்றி ஒட்டுங்கள், இரவில் கனவுகள் தொந்தரவு செய்தால் படுக்கும் முன் எடுத்துவிடலாம். ஆலோசனைக்கு மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800 112 356. தமிழில் பேசலாம்.