அமெரிக்கக் குடிமக்களின் உரிமைகளும் கடமைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் பல ஆண்டுகளாக மனப்பாடம் செய்துவந்த வினாக்களில் ஒன்று, குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு ஒன்றைக் கூறுமாறு கேட்டது. நீதிமன்ற வழக்கில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், அதாவது ஜூரியாகப் பணியாற்றுவது, கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது ஆகிய இரண்டில் எதைச் சொன்னாலும் விடை சரியாகவே கொள்ளப்பட்டது. தேர்வில் தேறி, உறுதிமொழி எடுத்து, கையில் சிறு கொடியுடன் படமும் எடுத்துக்கொண்டவர், இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஜூரிப் பணிக்கான சம்மன் தபாலில் வரும்போது, அதைக் கடை விளம்பரங்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார். விடை தெரிந்தவர்தான், ஆனால் அந்த விடை ஓர் உறையில் வீடு தேடி வரும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. இங்கே பேசப்போகும் தவறுகள் பெரும்பாலும் இத்தகையவை. இவை பொதுவான விளக்கங்களே. சொந்த வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

பேச்சுரிமை பற்றிய தவறான எண்ணம் எல்லாவற்றிலும் பரவலானது. 1791ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று ஏற்கப்பட்ட, அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பத்துத் திருத்தங்களை உரிமைகள் சாசனம் என்கிறோம். அவற்றுள் முதலாவது, நீ விரும்பியதைப் பேசலாம் என்று தொடங்கவில்லை. பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றக் கூடாது என்று ஆட்சிக்குத் தடை போடுகிறது. 1868இல் வந்த 14ஆவது திருத்தத்தின் வழியாக நீதிமன்றங்கள் இந்தத் தடையை மாநில அரசு, நகராட்சி, அரசுப் பள்ளி வரைக்கும் நீட்டின. தனியார் நிறுவனத்தை இது கட்டுப்படுத்துவதில்லை. சமூக ஊடகத்தில் எழுதிய அரசியல் கருத்துக்காக ஒரு தனியார் நிறுவனம் ஊழியரை வேலையிலிருந்து நீக்கினால், அதை முதல் திருத்தத்தின் பெயரால் எதிர்க்க வழியில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் ஊழியர்களின் அரசியல் செயல்பாட்டுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு; ஆனால் அது மாநிலச் சட்டம் தருவது, அரசியல் சாசனம் தருவதன்று. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அரசுப் பள்ளியில் கொடி உறுதிமொழி சொல்ல விரும்பாத பிள்ளையை, ஏதோ குற்றம் செய்துவிட்டதாக அஞ்சிப் பெற்றோரே கண்டிக்கிறார்கள். அந்தப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மேற்கு வர்ஜீனியா வழக்கொன்றில் தீர்ப்பளித்தது, உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டிலேயே.

நெரிசல் மிக்க அரங்கில் தீ என்று பொய்யாகக் கத்தக் கூடாது என்ற வரியைப் பேச்சுரிமையின் எல்லைக்குச் சான்றாகக் காட்டுவோர் ஏராளம். அந்த உவமை, கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பியவர்களின் தண்டனையை உறுதிசெய்த 1919ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து வந்தது. 1969இல் அந்த அளவுகோலை உச்ச நீதிமன்றமே கைவிட்டு, உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நிகழக்கூடிய வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் தண்டிக்கலாம் என்று மாற்றிவிட்டது.

உரிமைகள் அனைத்தும் குடிமக்களுக்கே என்ற எண்ணமும் பிழையானது. 1880களில் சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடங்களில் சலவைக்கடை நடத்த அனுமதி பெற வேண்டும் என்று நகர விதி இருந்தது. சீனர்கள் கேட்டால் மறுப்பார்கள், மற்றவர்கள் கேட்டால் கொடுப்பார்கள். 1886இல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம், 14ஆவது திருத்தத்தின் சமத்துவப் பாதுகாப்பு ‘குடிமகன்’ என்று சொல்லாமல் ‘எந்த நபரும்’ என்று சொல்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி, அந்தச் சீனர்கள் பக்கம் நின்றது. எனவே நிரந்தரமாக வசிக்க அனுமதி தரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் விசாவில் இருப்பவரும் காவலர் முன் உரிமையற்றவர்கள் அல்லர்.

ஆனால் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது குடிமக்களுக்கு மட்டுமே உரியது. இங்கே நேரும் ஒரு தவறு குடும்பத்தின் வாழ்க்கையையே புரட்டிப் போடக்கூடும். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகமே வாக்காளர் பதிவையும் செய்துதருகிறது. கவுண்டரில் இருப்பவர் வேகமாகக் கேட்கிறார், பின்னால் வரிசை நிற்கிறது, திரையில் குடிமகனா என்று ஒரு கட்டம் வருகிறது, உரிமம் கிடைக்க எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்ல வேண்டும் போலும் என்று நினைத்து கிரீன் கார்டுக்காரர் அதிலும் ஒரு குறியிட்டுவிடுகிறார். குடிமகன் என்று பொய்யாகக் கூறி வாக்காளராகப் பதிவது, உண்மையில் வாக்களிக்காவிட்டாலும், நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம்; விலக்கும் அரிதாகவே கிடைக்கிறது. பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை நேர்காணலில் அதிகாரி அந்தப் பழைய படிவத்தை எடுத்து வைக்கும்போதுதான் பலருக்கு அப்படியொரு குறியிட்டதே நினைவுக்கு வருகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் நிதானிப்பது நல்லது.

சாலையில் காவலர் வண்டியை நிறுத்தும்போது நேரும் தவறுகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு ஆகியவற்றைக் காட்டியே ஆக வேண்டும். வண்டியை விட்டு இறங்கச் சொன்னால் இறங்கவும் வேண்டும். இதையெல்லாம் மறுப்பது உரிமை என்று நினைத்து வாதாடுவது ஒரு தவறு. அதைவிடப் பரவலானது, மறுக்கக்கூடிய இடத்தில் தெரியாமல் சம்மதித்துவிடுவது. நியாயமற்ற சோதனையிலிருந்து நான்காவது திருத்தம் தரும் பாதுகாப்பு, நாமே சரி என்று சொன்ன கணத்தில் கைவிட்டுப் போகிறது. மறுக்கலாம் என்று காவலர் சொல்லித்தர வேண்டியதில்லை என்று 1973இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவலர் கேட்கும் விதமும் கவனிக்கத்தக்கது. “டூ யூ மைண்ட்” என்று தொடங்கி, வண்டிக்குள் பார்த்தால் உங்களுக்கு ஆட்சேபமா என்று மென்மையாகக் கேட்பார். அதற்கு ‘நோ’ என்றால் மறுப்பாகாது, ஆட்சேபம் இல்லை என்று பொருள்படும். போதாக்குறைக்கு, ஆமா இல்லையா என்று நமக்கே சில நேரம் விளங்காத நம் தலையாட்டல் வேறு இருக்கிறது. சோதனைக்கு என் சம்மதம் இல்லை என்று முழு வாக்கியமாக, கையைத் தெரியும்படி வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொல்வதே முறை. அதன் பிறகும் அவர் சோதனையிட்டால் உடலால் தடுக்கக் கூடாது. அது சட்டப்படி நடந்ததா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். கைதானவரின் செல்போனுக்குள் பார்க்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று 2014இல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் விமான நிலையத்தில் நடக்கும் எல்லைச் சோதனைக்கு அந்தப் பாதுகாப்பு அதே அளவில் பொருந்தாது.

மௌனமாக இருக்கும் உரிமையை, மௌனமாக இருந்தே பெற்றுவிடலாம் என்று எண்ணுவது மற்றொரு தவறு. மிச்சிகனில் கொலைக் குற்றச்சாட்டில் பிடிபட்ட ஒருவர், விசாரணை அறையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பெரும்பாலும் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தார். இறுதியில், அந்தப் பையனைச் சுட்டதற்காக மன்னிக்கும்படி கடவுளிடம் வேண்டுகிறாயா என்று கேட்டபோது ஆம் என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு எதிரான சான்றாயிற்று. பேச மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லாதவர் அந்த உரிமையைக் கோரியதாகக் கொள்ள முடியாது என்று 2010இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. பேசாதிருக்கும் உரிமையைப் பெற முதலில் பேச வேண்டியிருப்பது விந்தைதான். என்ன செய்வது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதேபோல, திரைப்படங்களில் கைவிலங்கு பூட்டும்போதே ஒப்பிக்கப்படும், பேசாதிருக்கவும் வழக்கறிஞரைக் கேட்கவும் உரிமை உண்டு என்று சொல்லும் மிராண்டா எச்சரிக்கை, காவலில் வைத்து விசாரிப்பதற்கு முன்புதான் தேவைப்படுகிறது. அதைச் சொல்ல மறந்தால் வழக்கே விழுந்துவிடும் என்பதும் சரியன்று. எச்சரிக்கை சொல்லாமல் பெற்ற வாக்குமூலம்தான் பொதுவாக ஒதுக்கப்படும். 1966ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பெயர் தந்த மிராண்டாவே, மறுவிசாரணையில் அந்த வாக்குமூலம் இல்லாமலேயே மீண்டும் தண்டிக்கப்பட்டார்.

வசதியற்றவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் என்பது, 1963ஆம் ஆண்டின் கிடியன் தீர்ப்பு முதல், குற்ற வழக்குகளுக்கு உரியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கிலோ குடிவரவு நீதிமன்றத்திலோ அரசியல் சாசனத்தின் பெயரால் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது.

இனி அந்த உறைக்கு வருவோம். ஜூரி சம்மன் வாக்காளர் பட்டியலிலிருந்தும் ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் எடுக்கப்படுவதால், சில இடங்களில் குடிமகனல்லாதவருக்கும் வருவதுண்டு. அவர் அதைக் கிழித்தெறியாமல், குடிமகனல்லன் என்ற கட்டத்தில் குறியிட்டுத் திருப்பியனுப்ப வேண்டும். குடிமகனோ போய்த்தான் ஆக வேண்டும். கூட்டாட்சி நீதிமன்றத்தின் சம்மனைக் காரணமின்றிப் புறக்கணித்தால் 1,000 டாலர் வரை அபராதமோ மூன்று நாள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வேலை நெருக்கடியோ பயணமோ இருந்தால் தேதியை ஒத்திவைக்கக் கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். கூட்டாட்சி ஜூரிப் பணிக்காகச் சென்றவரை நிறுவனம் வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். எனக்குச் சட்டம் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. சட்டத்தை நீதிபதி விளக்குவார், எது நடந்தது என்று முடிவு செய்வதே ஜூரியின் வேலை.

வாக்குரிமையில் நேரும் தவறுகள் சிறியவை, ஆனால் வாக்கையே இழக்கச் செய்பவை. வீடு மாறியவர் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார். நம்மவர்களுக்கு இனிஷியலும் அப்பா பெயரும் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வோர் இடத்தில் நிற்பதால், உரிமத்தில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல் போகின்றன. தபால் வாக்கில் அவசரமாகப் போட்ட கையெழுத்து பதிவிலுள்ளதோடு பொருந்தாமல் சிக்கலாகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்; பதிவு செய்தவர் அப்படித் திரும்பாமல், 2002ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கும் தற்காலிக வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். சீட்டிலுள்ள எல்லாப் பதவிகளுக்கும் வாக்களிக்காவிட்டால் சீட்டே செல்லாது என்று அஞ்சி, பெயரே கேள்விப்படாத நீதிபதி வேட்பாளருக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறியிடுபவர்களும் இருக்கிறார்கள். வெற்றிடமாக விடலாம்; மற்றவை எண்ணப்படும்.

வரியைக் கடமைகளின் பட்டியலில் சேர்க்கவே பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கக் குடிமகன் உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் உலக வருமானம் முழுவதையும் கணக்கில் காட்ட வேண்டும். வெளிநாட்டில் வாழ்வோர் இந்திய வங்கியில் வைத்திருக்கும், இந்தியாவில் வரியில்லாத என்ஆர்ஈ வைப்புத்தொகை வட்டிக்கும் இங்கே வரி உண்டு. அதோடு, வெளிநாட்டுக் கணக்குகள் அனைத்திலும் உள்ள மொத்தத் தொகை ஆண்டின் எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், வரிப் படிவத்திலிருந்து தனியாக அமெரிக்க நிதித் துறைக்கு அறிக்கை தர வேண்டும். கெடு ஏப்ரல் 15, தவறினால் தானாகவே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு. அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஊர் வங்கியில் அவருடைய வைப்புக் கணக்கில் பல ஆண்டுகளுக்கு முன் சேர்த்துவைத்த இரண்டாவது பெயர் உங்களுடையது என்றால், அதில் ஒரு ரூபாயைக்கூட நீங்கள் தொட்டதில்லை என்றாலும், அந்தக் கணக்கின் முழுத் தொகையும் அந்த 10,000 டாலர் கணக்கில் சேரும்.